சாமி மூலையில் தொங்கிய கருப்புப் படம்

அந்தக் கருப்புப் படத்தைக் கொண்டுவந்து கண்காட்சிக் கூடத்தின் மூலையில், கூரைக்குக் கீழே மாட்டிய அன்றே உஸ்தின்யாவைப் பயம் பிடித்துக்கொண்டது. படம் வேறு எங்கே தொங்கினாலும் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் கிழக்கு மூலை! வீடோ கடையோ சாராயக்கடையோ, உள்ளே நுழைந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு எந்த மூலையைப் பார்த்துச் சிலுவை போடுவோமோ அந்த மூலை. அங்கே புனிதர் இருக்கவேண்டிய இடத்தில், முகமும் இல்லாமல் கையும் இல்லாமல், சுற்றிலும் கொஞ்சம் வெள்ளை விட்டு நடுவில் தாரை அப்பியது போல ஒரு கருப்பு. அவ்வளவுதான் படம்.

"இது வம்பைக் கூப்பிட்டு உக்கார வைக்கிற வேலை," என்றாள் வாசல்காரர் நிகனோரிடம்.

"உனக்கென்னக்கா வந்தது? நீ தரையைத் தொடை. வம்பு வந்தா போட்டவங்களுக்கு வரும்," என்றார் அவர், மீசையில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டே.

அவளுக்கு என்ன வந்தது என்பதை அவரிடம் சொல்ல முடியுமா? இருவரும் நின்று பேசிக்கொண்டிருந்த அதே தரைக்குக் கீழே, விறகு அடுக்கிய நிலவறையில், படையை விட்டு ஓடி வந்த அவள் மகன் தெம்யான் படுத்திருந்தான். இந்தக் கூடத்துக்குள் போலீஸ் எந்தக் காரணத்துக்காக நுழைந்தாலும் சரி, நுழைந்தால் அவன் கதை முடிந்தது. பிடிபட்டால் சுவரோடு நிறுத்திச் சுடுவார்கள். ராணுவக் கோர்ட்டுக்கு மனசு இளகினால் கைவிலங்கு, சைபீரியா. இதில் நிகனோர் வேறு. மாஸ்கோவில் வாசல்காரர் என்றால் பாதி போலீஸ்காரர் மாதிரி. வீட்டில் யார் வந்தார், யார் போனார் என்று ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவது அவர்கள் வேலை. ஆகவே உஸ்தின்யா அந்த மனிதரிடம் சிரித்துப் பேசினாள், உள்ளுக்குள் செத்துச் செத்துப் பிழைத்தாள்.

கிளியாஸ்மா நதிக்கரையில், புகைபோக்கியே இல்லாத ஒரு குடிசையில் பிறந்தவள் அவள். அடுப்புப் புகை கதவு வழியாகத்தான் வெளியே போகவேண்டும், போகிற வழியில் வீட்டில் உள்ள எல்லாவற்றையும் தடவிவிட்டுத்தான் போகும். மூலையில் இருந்த, புனிதரின் உருவம் வரைந்த சாமிப் பலகையையும் விடவில்லை. எண்ணெய் விளக்கின் கரி, மெழுகுவர்த்திப் புகை, முத்தமிட்டவர்களின் மூச்சு எல்லாம் சேர்ந்து அந்தப் பலகை அடுப்புக்குள் இருக்கும் இருட்டைப் போலக் கருத்துவிட்டது. உள்ளே இருப்பது யார் என்று வீட்டிலேயே சண்டை. அப்பா புனித நிக்கோலாய் என்பார், அம்மா புனித பரஸ்கேவா என்பாள். சண்டை எப்படி முடிந்தாலும் கும்பிடுவது மட்டும் நிற்கவில்லை. உஸ்தின்யாவுக்குக் கல்யாணம் ஆனபோது அம்மா அந்தப் பலகையைத்தான் தலைக்கு மேல் தூக்கி ஆசீர்வாதம் செய்து, துண்டில் சுற்றிக் கையில் கொடுத்தாள். புருஷன் மாஸ்கோவில் தரைக்கு மெழுகு தேய்க்கிற வேலை பார்த்தவன். காலில் பிரஷ்ஷைக் கட்டிக்கொண்டு பெரிய வீடுகளில் நாள் முழுவதும் ஆடிக்கொண்டே இருப்பான். நெஞ்சு வலிக்கிறது என்று ஒருநாள் உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரே பையனும் அந்தப் பலகையும்தான்.

பையனை ஜெர்மானியரோடு நடந்த போருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பலகை அவளுடனேயே இருந்தது. ஓவியர்கள் சிலர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த கூடத்தில் பெருக்க, அடுப்பு மூட்ட, வருகிறவர்களின் கோட்டை வாங்கி மாட்ட ஆள் தேடியபோது அவள் சேர்ந்துகொண்டாள். முன்பு அது கம்பளித்தோல் வியாபாரியின் கடையாக இருந்த இடம். கீழே நிலவறையில் விறகுக்குப் பக்கத்தில் ஒரு கட்டில், கட்டிலுக்கு மேலே சாமிப் பலகை, இவ்வளவுதான் குடித்தனம். இலையுதிர்காலத்தில், மழை பிடித்துக்கொண்ட ஒரு பகலில், விறகு இறக்க வந்த கூலிகளோடு கூலியாகத் தெம்யான் முதுகில் ஒரு கட்டு பூர்ச்ச மர விறகைச் சுமந்துகொண்டு படியிறங்கி வந்தான். மற்றவர்கள் மேலே ஏறிப்போனார்கள், அவன் ஏறவில்லை.

"அம்மா, எனக்கு முடியலம்மா," என்றான். "மூணு பேருக்கு ஒரு துப்பாக்கி. முன்னாடி போறவன் செத்தா அவன் துப்பாக்கியை எடுத்துக்கன்னு சொல்றாங்க. யாரு எப்ப சாவான்னு பாத்துக்கிட்டே நடக்கறதும்மா. என்னால முடியல."

அவள் அவனைத் திட்டவில்லை. ஈரக் கோட்டை உரித்துப் போட்டு, விறகை ஒதுக்கி, அடுக்குக்குப் பின்னால் அவன் படுக்க இடம் செய்தாள். அவன் முதலில் செய்தது, பலகையருகே போய் முத்தமிட்டதுதான். அப்புறம்தான் ரொட்டியைக் கேட்டான்.

குளிர் முற்ற முற்ற அவனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மேலே யாராவது நடமாடும்போது தலையணையைக் கடித்துக்கொள்வான். உஸ்தின்யா கூடத்தில் வாளியைத் தடாலென்று வைப்பாள், நாற்காலியை இழுப்பாள், தனக்குத்தானே பாட்டுப் பாடுவாள். "என்னக்கா, இந்த வயசுல கச்சேரியா?" என்று நிகனோர் கேலி செய்வார். கேலிதானா, வேவுதானா என்று தெரியாமல் அவள் ராத்தூக்கம் கெட்டது.

இந்த லட்சணத்தில்தான் அந்தக் கருப்புப் படம் வந்து சேர்ந்தது. வரைந்தவள் ரயீசா பெத்ரோவ்னா. டாக்டர் வீட்டுப் பெண், கட்டை முடி, சிகரெட் நாற்றம், நல்ல மனசு. உஸ்தின்யாவுக்கு அவளைப் பிடிக்கும். பிடித்திருந்ததால்தான் வாய்விட்டுக் கேட்டாள்.

"இதுல என்னம்மா இருக்கு?"

"ஒண்ணும் இல்ல உஸ்தின்யா. அதுதான் விஷயமே. மரம், மாடு, மூஞ்சின்னு எத்தனை காலமா வரைஞ்சாச்சு! நிறம் யாருக்கும் வேலைக்காரியா இல்லாம தானே நிக்கட்டும். இது கருப்பு. கருப்பைத் தவிர வேற எதுவும் இல்ல."

"கருப்பு சும்மா வராதும்மா. ஏதாவது எரிஞ்சாத்தான் வரும்."

ரயீசா சிகரெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவளையே பார்த்தாள். "இப்படிப் பேச யாரு சொல்லிக் கொடுத்தா?"

"அடுப்புதான். அதை விடுங்க. சாமி மூலையில எதுக்கும்மா மாட்டினீங்க? வேற சுவரே இல்லையா?"

"நீங்க எல்லாரும் முதல்ல பாக்கறது அந்த மூலையைத்தானே? அதனாலதான்."

"அதனாலதாம்மா நானும் கேக்கறேன்," என்றாள் உஸ்தின்யா. ரயீசா அவள் தோளைத் தட்டிவிட்டுச் சிரித்தாள். படித்தவர்களுக்குப் பயம் குறைவு. அவர்கள் வீட்டு நிலவறையில் யாரும் ஒளிந்திருப்பதில்லை.

கண்காட்சி திறந்தது. ஜனம் வந்தது, சிரித்தது, சண்டை போட்டது. நீலமும் சிவப்புமாகக் கோணல்மாணலாகப் பறக்கிற படங்களைப் பார்த்து, "என் வீட்டுக் குழந்தைக்குப் பெயிண்ட் டப்பா வாங்கிக் கொடுத்தா இதைவிட நல்லா போடும்," என்றார்கள். அதெல்லாம் பரவாயில்லை. மூலையை நிமிர்ந்து பார்த்தபோதுதான் வம்பு. பழக்கதோஷத்தில் கை நெற்றிக்குப் போகும், பாதி வழியில் நிற்கும், முகம் சிவக்கும். ஒரு கிழவி நடுங்கிப்போய்க் கோட்டை மாட்டாமலே தெருவுக்கு ஓடினாள். உஸ்தின்யா கோட்டைத் தூக்கிக்கொண்டு பனியில் பின்னாலேயே ஓட வேண்டியதாயிற்று.

அந்த நேரம் பார்த்து ரயீசாவின் அண்ணனைக் காயத்தோடு தூலா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருப்பதாகச் செய்தி வந்தது. அவள் உடனே ரயிலேறிவிட்டாள். போன மறுநாளே வந்து சேர்ந்தார் மெழுகுவர்த்தி வியாபாரி கெராசிம். சுற்றுவட்டாரத்துக் கோயில்களுக்கெல்லாம் மெழுகுவர்த்தி அவருடையதுதான். உள்ளே நுழைந்தார், தொப்பியைக் கழற்றினார், மூலையைப் பார்த்து மூன்று முறை முழுசாகச் சிலுவை போட்டுக் குனிந்து கும்பிட்டார். நிமிர்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"என்னது இது?" கூடமே அதிர்ந்தது. "யாரைக் கும்பிட வச்சீங்க என்னை? யாரைடா கும்பிட வச்சீங்க?"

"படம்ங்க ஐயா, வெறும் படம்," என்றாள் உஸ்தின்யா, கையைப் பிசைந்துகொண்டு.

"படமா? சாமி இருக்கிற எடத்துல சாத்தானோட சட்டைத்துணியைத் தொங்க விட்டுட்டுப் படம்ங்கறியா? நாளைக்கு ஞாயித்துக்கிழமை. பூசை முடியட்டும். பாதிரியாரையும் இன்ஸ்பெக்டரையும் கையோட கூட்டிக்கிட்டு வரேன். இந்த எடத்தைக் கீழேயிருந்து மேல வரைக்கும் துருவிப் பாக்கச் சொல்றேன்!"

கீழேயிருந்து! உஸ்தின்யாவின் காதில் அந்த ஒரு சொல்தான் விழுந்தது. அன்று அவள் சூப் காய்ச்சினாள், உப்புப் போட மறந்தாள். தெம்யானுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது, பிதற்றினான். இந்த நிலையில் அவனைத் தெருவுக்கு அனுப்பினால் முனையைத் தாண்ட மாட்டான். படத்தை மட்டும் கழற்றிவிடலாமா? கழற்றினால் வெறும் ஆணி நிற்கும். எங்கே ஒளித்தாய், கொண்டா என்பார்கள், தேடுவார்கள். விடிய விடிய யோசித்தவளுக்கு விடியும்போது ஒரு யோசனை வந்தது. அவர்கள் எதற்காக வருகிறார்கள்? சாமி மூலையில் சாமி இல்லை என்பதற்காகத்தானே? சாமி இருந்துவிட்டால்? ஒரு புனிதரே அங்கே உட்கார்ந்திருந்தால் எவனுக்கு வாய் திறக்கத் துணிச்சல் வரும்? மூன்று பேரும் சிலுவை போட்டுவிட்டுத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

நிகனோர் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் ஏணியைப் போட்டு ஏறினாள். ரயீசாவின் படத்தைக் கழற்றி விறகுக்குப் பின்னால் சொருகினாள். தன் பலகையைத் துடைத்து, முத்தமிட்டு, "எங்களைக் காப்பாத்துப்பா, நீ யாரா இருந்தாலும் சரி," என்று சொல்லி மூலையில் மாட்டினாள். இறங்கி நின்று பார்த்தாள். நிம்மதியாக இருந்தது. பாவம், அவள் கண்ணுக்கு அது கருப்பே இல்லை. நெற்றி எங்கே, தாடை எங்கே, ஆசீர்வதிக்கிற விரல் எங்கே என்று நினைவு தெரிந்த நாளிலிருந்து முத்தமிட்டே தெரிந்து வைத்திருந்தாள். நம் வீட்டுச் சாமியை நாம் பார்க்கிற மாதிரிதானே எல்லோரும் பார்ப்பார்கள் என்று நினைத்துவிட்டாள்.

கதவைத் திறந்ததும் முதலில் வந்தது ஒரு மாணவனும் அவன் கூட்டிவந்த பெண்ணும். அவன் மூலையைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அட! ரயீசா பெத்ரோவ்னா படத்தை மாத்தியிருக்காங்க பாரு. போன தடவை வந்தப்ப வெறும் கருப்பு, சுத்தி வெள்ளை. இதுல வெள்ளையே இல்ல! முழுக்க முழுக்கக் கருப்பு. எவ்வளவு தைரியம்! அதுக்குள்ள என்ன ஆழம் பாரு."

"எனக்குப் பயமா இருக்கு," என்றாள் அந்தப் பெண்.

"அதான் வேணும்!" என்று குதித்தான் அவன்.

உஸ்தின்யாவின் கையிலிருந்த துடைப்பம் கீழே விழுந்தது. அப்போதுதான் உறைத்தது அவளுக்கு. இவர்களுக்குத் தெரியவில்லை. யாருக்குமே தெரியப்போவதில்லை. வருகிறவர்கள் கண்ணுக்கு அங்கே தொங்குவது இன்னும் அதே கருப்புதான், முன்னதைவிடப் பெரிய கருப்பு. ஐயோ என்று ஏணியை எடுக்கத் திரும்பினாள். வாசல் மணி அடித்தது. நிகனோர் கதவைத் திறந்து ஒதுங்கி நிற்க, கெராசிமும் பாதிரியாரும் இன்ஸ்பெக்டரும் பூட்ஸில் பனியோடு உள்ளே வந்தார்கள். மாணவனும் அந்தப் பெண்ணும் அவர்களைப் பார்த்ததும் கோட்டைப் பறித்துக்கொண்டு வெளியே நழுவிவிட்டார்கள்.

"அதோ!" என்று கை நீட்டினார் கெராசிம்.

பாதிரியார் இளவயசு, இப்போதுதான் பதவிக்கு வந்தவர், எதையாவது செய்து காட்டிவிடவேண்டும் என்ற துடிப்பு முகத்தில் தெரிந்தது. மூலையைப் பார்த்தார். சிலுவை போடவில்லை. உஸ்தின்யா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது அங்கியின் மடிப்பை விட்டு எழவே இல்லை.

"இறக்கு," என்றார் இன்ஸ்பெக்டர் நிகனோரிடம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு ஆறிப்போகிற கவலை அவருக்கு.

நிகனோர் ஏணியில் ஏறிப் பலகையைக் கழற்றினார். கழற்றியவரின் கட்டைவிரல் அதன் பின்பக்கத்தைத் தடவியது. ஏணியில் நின்றபடியே உஸ்தின்யாவை ஒருமுறை பார்த்தார். பிறகு இறங்கி வந்து பாதிரியாரிடம் கொடுத்தார்.

பாதிரியார் திருப்பிப் பார்த்தார். அவர் குரல் கீச்சிட்டது. "பின்னால குறுக்குச் சட்டம் இருக்கு! ஐயா, இது வெறும் படமில்ல, சாமிப் பலகை! ஏதோ ஒரு புனிதர் மேல கரியைப் பூசி அவரைக் குருடாக்கி மாட்டியிருக்காங்க!"

"நான் சொல்லலை?" என்று கெராசிம் நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். படத்தைக் கழற்றச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று வந்தவர். இப்போது இது தெய்வ நிந்தனை வழக்கு. "இப்படி எத்தனை பலகையில பூசி வச்சிருக்காங்கன்னு பாக்கணும். கரி, தார், பிரஷ் எல்லாத்தையும் எடுக்கணும். கீழ என்ன இருக்கு?"

"வெறகுங்க," என்றாள் உஸ்தின்யா.

"வேற?"

"என் கட்டில்ங்க."

அப்போது கீழே ஓர் இருமல். அடக்கிய இருமல்தான், ஆனாலும் இருமல்.

"யாரது?" இன்ஸ்பெக்டரின் தலை திரும்பியது.

அடுத்த நொடி நிகனோர் இருமத் தொடங்கினார். சும்மா இருமல் இல்லை, ஏணியைப் பிடித்துக்கொண்டு, இரண்டாக மடங்கி, கண்ணில் தண்ணீர் வர, குடலே வெளியே வந்துவிடும் போல ஓர் இருமல்.

"மன்னிக்கணும் ஐயா... ஆஸ்துமாங்க... இந்தக் குளிரு..."

அவருக்குத் தெரிந்திருக்கிறது! இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது! ஆனால் அதை நினைத்து ஆச்சரியப்பட அவளுக்கு நேரமில்லை. இன்ஸ்பெக்டர் நிகனோரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, நேராக நிலவறைக் கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளில் கையை வைத்தார்.

உஸ்தின்யா பாய்ந்தாள். பாதிரியார் கையிலிருந்த பலகையைப் பிடுங்கித் தரையில் அறைந்தாள்.

"சாமியா இது? சாமியாங்கறேன்! இது நான் முட்டைக்கோஸ் ஊறப்போடற தொட்டியோட மூடி!" தொண்டை கிழியக் கத்தினாள். "மூடி காணோம், மூடி காணோம்னு நான் வாரக்கணக்கா தேடறேன், தொட்டியில எலி விழுந்து கெடக்குது, அந்தக் கட்டைமுடிக்காரி எனக்குத் தெரியாம எடுத்துட்டு வந்து கரியைத் தடவி மாட்டி வச்சிருக்கா! பாழாப்போனவ! தூ! தூ!"

துப்பினாள். அந்தப் பலகையின் நடு மேலே, நெற்றி இருக்கும் இடத்தில். அம்மா முத்தமிட்ட இடத்தில்.

இன்ஸ்பெக்டர் தாழ்ப்பாளை விட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஃபாதர்! தொட்டி மூடி! இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நீங்க அதுக்குத் தூபமே காட்டியிருப்பீங்க!"

பாதிரியாரின் காது சிவந்தது. "குறுக்குச் சட்டம் இருந்ததே..."

"தொட்டி மூடிக்கும் குறுக்குச் சட்டம் உண்டுங்க," என்றார் நிகனோர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எங்க வீட்டு மூடியும் இப்படித்தான்."

கெராசிம் மட்டும் சிரிக்கவில்லை. வியாபாரி, யாரையும் சட்டென்று நம்பிவிடுகிற ஆளில்லை. உஸ்தின்யாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். "மூடிதானேம்மா?"

"மூடிதாங்க."

"அப்ப அடுப்புல போடு. சாமிப் பலகையா இருந்தா ஞானஸ்நானம் வாங்கின எந்தப் பொம்பளையும் அதை நெருப்புல வைக்க மாட்டா. பழசாப் போனாக்கூட ஆத்துல விடுவாளே தவிர எரிக்க மாட்டா. மூடின்னா போடு, பாக்கலாம்."

கூடத்து அடுப்பை அவளேதான் காலையில் மூட்டியிருந்தாள். இரும்புக் கதவைத் திறந்தாள். உள்ளே தணல் கனிந்து கிடந்தது. பலகையை உள்ளே தள்ளினாள். எத்தனையோ வருஷத்து எண்ணெய் ஊறிய மரம், சட்டென்று பிடித்துக்கொண்டது. நெருப்பில் கரி உரிந்தால் உள்ளே இருக்கும் முகம் தெரிந்துவிடுமோ என்று பயந்து கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணோடு கதவைச் சாத்தினாள்.

"சரி, சரி," என்றார் கெராசிம், ஏமாந்த குரலில்.

படம் போட்டவள் ஊர் திரும்பியதும் ஸ்டேஷனுக்கு வந்து அபராதம் கட்டவேண்டும், அதுவரை கூடத்தைப் பூட்டி வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டு மூவரும் போனார்கள். போகிற போக்கில் பாதிரியார் உஸ்தின்யாவின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். "படிக்காதவங்ககிட்டதான் உண்மையான விசுவாசம் இருக்கு," என்றார்.

கதவு மூடியதும் உஸ்தின்யா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நிகனோர் பக்கத்தில் குந்தினார்.

"ரெண்டு பேருக்குக் கஞ்சி காய்ச்சற வாசனை எனக்குத் தெரியாதாக்கா? மூக்கை அடகு வச்சுட்டா இங்க நிக்கறேன்?"

"ஸ்டேஷன்ல சொல்லலையே நீ."

"சொல்லி? மெடல் குத்துவானா?" என்றார். அடுப்புக் கதவைத் திரும்பிப் பார்த்தார். "அது மூடிதானக்கா?"

"மூடிதான்."

"சரி. அப்ப மூடிதான்."

காய்ச்சல் விட்டதும் தெம்யானை நிகனோரின் மச்சான் ஓட்டிய பீப்பாய் வண்டியில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். வழியனுப்பும்போது தாய் சாமிப் பலகையைத் தலைக்கு மேல் தூக்கி ஆசீர்வதிப்பது முறை. பலகை மேலே கூடத்தில் இருக்கிறது என்று அவனிடம் சொல்லிவைத்திருந்த உஸ்தின்யா அவனைத் திரும்பிப் பார்க்கவே விடவில்லை. "பேச நேரமில்லடா, ஏறு," என்று முதுகில் கை வைத்துத் தள்ளினாள். அது நடந்து சில வாரம்கூட ஆகவில்லை, ராஜா பதவியிழந்தார். போலீஸ்காரர்கள் சட்டையை மாற்றிக்கொண்டு ஒளிந்தார்கள். படையை விட்டு ஓடி வந்தவர்கள் கோட்டில் சிவப்பு ரிப்பனைக் குத்திக்கொண்டு பட்டப்பகலில் தெருவில் நடந்தார்கள். ஜன்னல் வழியாக அவர்களைப் பார்த்து உஸ்தின்யா வாயில் தலைத்துணியை அடைத்துக்கொண்டு அழுதாள். சில வாரம்! அந்த இருமல் சில வாரம் தள்ளி வந்திருக்கக் கூடாதா?

ரயீசாவோ ஊர் திரும்பி, விறகுக்குப் பின்னாலிருந்து தன் படம் பத்திரமாக வெளியே வந்ததும் அவளைக் கட்டிக்கொண்டு ஆடினாள். "என் படத்தைக் காப்பாத்திட்டீங்க உஸ்தின்யா! அவங்க எரிச்சது என்ன?"

"பழைய பலகைம்மா."

அதன் பிறகு, மற்றவர்கள் சொன்னதையும் சேர்த்து, அந்தக் கதையை ரயீசா எல்லாரிடமும் சொன்னாள். "தொட்டி மூடியைப் புதுப் படம்னு ரசிச்சுட்டுப் போயிருக்கான் ஒருத்தன், கேளுங்க!" என்று ஆரம்பிப்பாள், விருந்தினர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு உஸ்தின்யா கதவருகில் நிற்பாள்.

அவளுடைய பயம் அதன் பிறகு வேறு ஒரு பயமாயிற்று. தான் எரித்தது யாரை என்று அவளுக்குத் தெரியாது. நிக்கோலாயா? பரஸ்கேவாவா? யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? ஆகவே ஒவ்வொரு புனிதரின் திருநாளும் அவளுக்குப் பயம். நிக்கோலாய் நாள் வந்தால் தெம்யானுக்கு இன்று ஏதோ ஆகப்போகிறது என்று படுத்துக்கொள்வாள். அது கழிந்தால் அடுத்த நாளைப் பார்த்து நடுங்குவாள். எங்கள் காலண்டரில் புனிதர் இல்லாத நாள் ஏது? அவனைச் செம்படைக்குக் கூட்டிப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது, சரி, கணக்கு ஆரம்பித்துவிட்டது என்றே நினைத்தாள். இதற்கு நடுவில் புதிய அரசின் வீட்டுக் கமிட்டிக்காரன் ஒருவன் வந்து, அவள் குடிமாறியிருந்த அறையின் வெற்று மூலையைப் பார்த்துவிட்டு, பக்கத்து அறைக்காரர்களை அழைத்து வந்து காட்டினான். "பாத்துக்கங்க! இந்த வயசுலயும் மூடநம்பிக்கையைத் தூக்கி எறிஞ்ச பெண்மணி!" நிகனோர் இருந்திருந்தால் ஏதாவது கிண்டல் செய்திருப்பார். அவரை டைபஸ் காய்ச்சல் கொண்டுபோயிருந்தது.

பஞ்ச வருஷத்தில் ஒருநாள் மத்தியானம் தெம்யான் வந்தான். நடந்தே வந்திருந்தான். தாடி, எலும்பு, கிழிந்த ராணுவக் கோட்டு. ஆனால் கை இருந்தது, கால் இருந்தது, இரண்டு கண்ணும் இருந்தன. உஸ்தின்யா அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பீட்ரூட் இலையும் மீன் தலையும் போட்டு வைத்திருந்த சூப்பை ஊற்றி முன்னால் வைத்தாள். அவன் கரண்டியைத் தொடவில்லை, மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, நம்ம சாமி எங்கே?"

அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"பெரெகோப் சண்டையில, உப்புத் தண்ணியில, சுத்தி எல்லாரும் செத்துக் கிடக்கறாங்கம்மா," என்றான் அவன், சுவருக்குக் காது இருப்பது போலக் குரலைத் தாழ்த்தி. "நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு நம்ம பலகையை நினைச்சேன். அந்தக் கருப்பு அப்படியே கண்ணுக்கு முன்னாடி வந்து நின்னுச்சு. குண்டு ஒண்ணுகூட என் மேல படல. அது மட்டும் இல்லேன்னா நான் இன்னைக்கு இல்ல. அதைத் தொட்டுக் கும்பிடணும்னுதான் இத்தனை தூரம் நடந்து வந்தேன். எடும்மா, எங்க ஒளிச்சு வச்சிருக்கே?"

எரித்து நாலு வருஷமான பலகையை நினைத்துக்கொண்டு அவன் உயிரோடு வந்திருக்கிறான்! சொல்லிவிடலாம். உனக்காகத்தாண்டா, உன் இருமலுக்காகத்தான் அதன் மேல் துப்பினேன், என் கையாலேயே நெருப்பில் வைத்தேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவன் புரிந்துகொள்வான், காலைப் பிடித்துக்கொண்டு அழுவான். அதன் பிறகு? அதன் பிறகு அவனும் ஒவ்வொரு திருநாளும் விடியும்போது நடுங்குவான். நாளைக்குப் பிறக்கப்போகிற அவன் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் அந்த அடுப்பைத்தான் நினைப்பான்.

"வித்துட்டேன்," என்றாள்.

"என்ன?"

"பஞ்சம்டா. மாவுக்கு வித்துட்டேன்."

அவன் எழுந்து நின்றான். "மாவுக்கா? உங்கம்மா உன் தலைக்கு மேல தூக்கிக் கொடுத்த சாமியை, ஒரு பை மாவுக்கா?" குரல் உடைந்தது. "பட்டினி கிடந்து செத்திருக்கலாமே! நீயெல்லாம் ஒரு தாயா?"

"ஆமாண்டா, வித்துட்டேன். சூப் ஆறுது, சாப்பிடு."

பசி அவனை உட்கார வைத்தது. முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டான். அவள் பின்னால் நின்று அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம்தான் இருந்தது அதில், பயம் கொஞ்சம்கூட இல்லை. பாத்திரத்தில் மிச்சமிருந்த தன் பங்கையும் எடுத்து அவன் தட்டில் ஊற்றினாள்.